துய்ஷேன் சேர் எந்த எழுத்தைப் படித்துக் கொடுத்தார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். இஷாவுக்குப் பிறகு எல்லாருடைய போனும் அலுமாரிக்கு மேலே. அரை மணித்தியாலம் நான் ஒரு புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பேன், பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்க வேண்டும். மகள் தரம் 7, மகன் தரம் 4. மகனுக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில் இருப்பதால் “பாஸ் பேப்பர் செய்யிற நேரத்துல கதையா?” என்று மனைவி முதல் நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் அவரும் சமையலறை வேலையை முடித்துக்கொண்டு வந்து பாயில் இருந்துவிட்டார்.

புத்தகம், சிங்கிஸ் ஐத்மாத்தவ் எழுதிய ‘முதல் ஆசிரியர்’. என் வயதுக்காரர்கள் சிலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே ஒரு சிரிப்பு வரும் என்று நினைக்கிறேன்.

கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்த என் மாமா, பெருநாளைக்கு ஊர் வரும்போதெல்லாம் சோவியத் புத்தகங்கள் கொண்டு வருவார். மாமா கம்யூனிஸ்ட் இல்லை. அந்தப் புத்தகங்கள் மலிவு, தாள் நல்லது, கட்டு உறுதி, அவ்வளவுதான். அந்த நாட்களில் மாஸ்கோவில் முன்னேற்றப் பதிப்பகம், பிறகு ராதுகா பதிப்பகம் என்று தமிழிலேயே அச்சடித்து அனுப்பினார்கள். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா போன்றவர்கள் அங்கே போயிருந்து மொழிபெயர்த்தார்கள். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ், கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, மாமாவின் பையில் ரயிலேறி, மட்டக்களப்பில் இறங்கி, பஸ்ஸில் எங்கள் கடற்கரை ஊருக்கு வந்து சேரும். அப்படி வந்தவற்றில் ஒன்றுதான் இது.

1990. அந்த வருடத்தைப் பற்றி கிழக்கில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாடசாலை மூடிக் கிடந்தது. மஃரிபுக்குப் பிறகு யாரும் வெளியில் இறங்குவதில்லை. குப்பி விளக்கடியில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது இந்த ஒரு புத்தகத்தைத்தான். பாடசாலை இல்லாத ஒரு ஊரில் ஒருவர் தனியாகப் பாடசாலை கட்டுகிற கதையை, பாடசாலை பூட்டிக்கிடந்த ஒரு ஊரிலிருந்து வாசித்தேன். நான் ஆசிரியரானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பிரதி 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வீட்டோடு போய்விட்டது. இப்போது வாசித்தது, சென்னைக்குப் போன ஒரு நண்பர் வாங்கி வந்த மறுபதிப்பு.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய ஆசியாவில், கிர்கிஸ்தானின் மலையடிவாரத்தில் குர்குரேவு என்று ஒரு ஏழைக் கிராமம். 1924 ஆம் ஆண்டு. பழைய இராணுவ மேலங்கியோடு துய்ஷேன் என்ற இளைஞன் ஊருக்குத் திரும்பி வருகிறான். பாடசாலை தொடங்கப் போகிறேன் என்கிறான். ஊர் சிரிக்கிறது. அவன் ஒரு பணக்காரனின் பாழடைந்த குதிரை லாயத்தைத் தனியாகத் துப்புரவாக்கி, மண் பூசி, பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருகிறான். (அங்கே பணக்காரனுக்கு ‘பாய்’ என்று பெயர். அதைக் கேட்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.) குளிர்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாத சின்னப் பிள்ளைகளை, ஒன்றை முதுகிலும் ஒன்றைக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு பனித் தண்ணீருக்குள் இறங்கிக் கடத்திவிடுகிறான். இதில் கவனிக்க வேண்டியது, துய்ஷேனுக்கே வாசிப்பு சரியாக வராது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். பாடத்திட்டம் கிடையாது, ஆசிரியர் கைந்நூல் கிடையாது, பயிற்சிக் கலாசாலை கிடையாது.

அவனிடம் படிக்கிற அல்தினாய் என்ற அநாதைப் பிள்ளைக்கு வயது 14. உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். சாச்சி முறையானவள் அவளை ஒரு வசதியானவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிடுகிறாள். தடுக்கப் போன துய்ஷேனை அடித்துக் கையை முறித்துப் போடுகிறார்கள். அவன் அந்தக் கட்டுப்போட்ட கையோடேயே அவளை மீட்டு, தாஷ்கந்துக்குப் படிக்க ரயிலேற்றி விடுகிறான். பல வருடங்களுக்குப் பிறகு அல்தினாய் பெரிய கல்விமானாக, ஊரில் புதிய பாடசாலை திறப்பு விழாவுக்குப் பிரதம அதிதியாக வருகிறாள். அதே நேரம் வெளியே ஒரு கிழவர், குதிரையில் வந்து வாழ்த்துத் தந்திகளைக் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் அடுத்த கடிதத்தைக் கொடுக்கப் போகிறார். அவர்தான் துய்ஷேன். விருந்தில் இருந்தவர்கள் ‘அவரும் ஒரு காலம் படிப்பித்தாராம்’ என்று சிரிக்கிறார்கள். அல்தினாய்க்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை.

நாங்களும்தான் பரிசளிப்பு விழா நடத்துகிறோம். மேடையில் யார், வாசலில் யார் என்று யோசித்துப் பாருங்கள். சரி, அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது மகளுடைய கேள்வியை. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, துய்ஷேன் முதல் பாடம் நடத்துகிற இடம். பென்சிலை எப்படிப் பிடிப்பது, எழுத்தை எப்படி எழுதுவது என்று காட்டிக் கொடுக்கிறான். மகள் இடையில் கேட்டாள்.

“வாப்பா, துய்ஷேன் சேர் என்ன எழுத்துப் படிச்சிக் குடுத்தாரு?”

“என்ன எழுத்தெண்டா?”

“அவங்கட எழுத்து என்ன? ஏபிசிடி மாதிரியா? ரஷ்யா எழுத்தா? அவங்க முஸ்லிம் ஆக்கள்தானே, அப்ப அலிஃப் பேயா?”

முப்பது வருடமாக இந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறவன் நான். எழுத்தறிவிக்கிற தொழில் செய்கிறவன் வேறு. ஒரு நாளாவது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ‘எழுத்து’ என்றால் எழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கதையும் அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. “நாளைக்குச் சொல்றன்” என்று தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வர ஒரு கிழமை ஆனது. தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மகள் சொன்ன கடைசி விடைதான் சரி. 1924 இல் கிர்கிஸ் மொழியை அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். கிர்கிஸ் மொழியின் முதல் செய்தித்தாள் ‘எர்கின் தோ’, சுதந்திர மலை என்று பொருள். அது வெளிவந்தது 1924 நவம்பர் 7 ஆம் திகதி, அரபு எழுத்தில். கிர்கிஸ் பிள்ளைகளுக்கான முதல் அரிச்சுவடி நூல்களை எழுதியவர் இஷெனாலி அராபயேவ். அதுவும் அரபு எழுத்தில். ஆகவே அந்தக் குதிரை லாயத்தில் துய்ஷேன் என்ற ஒருவர் உண்மையில் இருந்திருந்தால், சுவரில் லெனினின் படத்தை மாட்டிவிட்டு, அதற்குக் கீழே நின்று அவர் எழுதிக் காட்டியிருக்கக்கூடியது நமது குர்ஆன் மத்ரஸாவில் முதல் நாள் எழுதுகிற அதே அலிஃபைத்தான்.

இதை மகளிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தூரத்துச் சொந்தம் ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரி.

ஆனால் இதோடு முடியவில்லை. அராபயேவ் என்பவர் யார் என்று பார்த்தேன். 1882 இல் பிறந்தவர். தத்தாரியர்களின் உஃபா நகரத்து மத்ரஸாவில் படித்தவர். 1911 இலேயே, அதாவது ரஷ்யப் புரட்சிக்கு ஆறு வருடத்துக்கு முன்பே, உஃபாவில் ஒரு அரிச்சுவடியை அச்சிட்டவர். அந்தக் காலத்தில் ரஷ்யப் பேரரசின் முஸ்லிம்களிடையே ஒரு பெரிய கல்வி இயக்கம் இருந்தது. ‘ஜதீத்’ என்பார்கள், புதியது என்று அர்த்தம். அர்த்தம் தெரியாமல் மனனமிடுவதை விட்டு, ஒலியைக் கொண்டு எழுத்தைப் படிப்பி, கணக்கும் பூகோளமும் சேர்த்துப் படிப்பி, பெண் பிள்ளைகளுக்கும் படிப்பி என்றார்கள். அந்த இயக்கத்தின் முன்னோடியான இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கி கிரிமியாவில் ‘தர்ஜுமான்’ பத்திரிகையைத் தொடங்கியது 1883 இல். நமது அறிஞர் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியது 1882 டிசம்பரில். நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்திறங்கியது 1883 ஜனவரியில். கிரிமியாவிலும் கண்டியிலும் இருந்த இரண்டு பேர், சில மாத இடைவெளியில், ஒரே கவலையோடு பத்திரிகை தொடங்கியிருக்கிறார்கள். சித்திலெப்பை பாடசாலை தொடங்க அலைந்தபோது நமது ஆட்களும் சிரித்தவர்கள்தான். இங்கிலீஷ் படித்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று சொன்னவர்கள்தான்.

ஆக, துய்ஷேனுக்கு முன்னால் கிர்கிஸ் நாட்டில் வெறும் இருட்டுத்தான் இருந்தது என்று என் மனதில் பதிந்திருந்த படம் முழுவதும் சரியில்லை. ஏழைக் கிராமங்களில் பாடசாலை இல்லை, பெண் பிள்ளைகளின் நிலை மோசம், அதெல்லாம் உண்மை. மலைக்கிராமங்களில் எழுத்து தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் எழுத்தே இல்லாத மக்கள் அல்ல. அவர்களுக்குள்ளேயே எழுத்தைத் திருத்தி, அரிச்சுவடி எழுதி, ஊர் ஊராகப் படிப்பித்தவர்கள் இருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. 1926 இல் பாகூவில் ஒரு மாநாடு கூடி, துருக்கிய மொழிகளுக்கெல்லாம் லத்தீன் எழுத்தே ஏற்றது என்று முடிவெடுத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கிர்கிஸ் மொழிக்கு அரபு எழுத்து போய் லத்தீன் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1940 ஐ ஒட்டி, லத்தீனும் போய் ரஷ்யர்களின் சிரிலிக் எழுத்து வந்தது. ஒரே தலைமுறையில் மூன்று எழுத்து! 1924 இல் குதிரை லாயத்தில் படித்த பிள்ளை, தன் பிள்ளையின் கொப்பியை வாசிக்க முடியாது. அந்தப் பிள்ளை, பேரனின் கொப்பியை வாசிக்கத் திணறும். பழைய எழுத்து மட்டும் தெரிந்த பெரியவர்கள், எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் என்று கணக்கெடுக்கப்பட்டார்கள்.

எழுத்துக்காரர்களின் கதி அதைவிட மோசம். அராபயேவ் கைதாகி, 1933 இல் தாஷ்கந்தில் சிறைக்காவலிலேயே மௌத்தானார். லத்தீன் எழுத்தை அமைப்பதில் முன்னின்ற காசிம் தினிஸ்தானவ் என்ற மொழியறிஞரை 1938 நவம்பரில் சுட்டார்கள். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அதே நவம்பரில் சுடப்பட்ட இன்னொருவர் தோரேகுல் ஐத்மாத்தவ். இந்தப் புத்தகத்தை எழுதியவரின் வாப்பா.

தோரேகுல் கட்சியில் உயர் பதவியில் இருந்தவர். 1937 இல் கைது செய்தார்கள். மூத்த மகன் சிங்கிஸுக்கு அப்போது ஏறத்தாழ 9 வயது. உம்மா நகீமா நான்கு பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். யுத்த காலத்தில் ஊரில் ஆண்கள் இல்லாததால், ரஷ்ய மொழி தெரிந்த அந்தப் பையனை 14 வயதில் கிராம சபையின் செயலாளராக்கினார்கள். போர்முனையில் இறந்தவர்களின் மரணச் செய்தித் தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது அந்தப் பையன்தான். துய்ஷேனைக் கடைசியில் ஏன் தபால்காரராக்கினார் என்று ஐத்மாத்தவ் எங்காவது சொல்லியிருக்கிறாரோ என்னவோ, எனக்கு இதை வாசித்தபோது அந்தக் குதிரைக்காரக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

‘முதல் ஆசிரியர்’ வெளிவந்தது 1962 இல். அது சேர்ந்த தொகுப்புக்கு 1963 இல் லெனின் பரிசு கிடைத்தது. அப்போதும் வாப்பா எங்கே அடக்கப்பட்டார் என்று அவருக்குத் தெரியாது. அடுத்து எழுதிய ‘அன்னை வயல்’ நாவலை அதைச் சொல்லியே வாப்பாவுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். 1991 இல்தான் தெரிய வந்தது. தலைநகருக்குப் பக்கத்தில் சோங்-தாஷ் என்ற இடத்தில், ஒரு பழைய செங்கற் சூளைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சடலங்களைப் போட்டு மூடியிருந்தார்கள். அங்கே காவலாளியாக இருந்த ஒருவர், மௌத்துக்கு முன் தன் மகளிடம் மட்டும் சொல்லி வைத்த இரகசியம் அது. தோரேகுலின் எச்சங்களோடு அவருடைய குற்றப்பத்திரிகைத் தாள் இருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். தினிஸ்தானவும் அதே சூளைக்குள்தான் கிடந்தார். எழுத்தை அமைத்தவரும் எழுத்தாளரின் தகப்பனும் ஒரே குழியில். இப்போது அந்த இடத்துக்கு ‘அத்தா-பெயித்’ என்று பெயர். தந்தையரின் கபுறு என்று அர்த்தம். 2008 இல் ஐத்மாத்தவ் காலமானபோது அவரையும் அங்கேயே அடக்கினார்கள்.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு இந்தப் புத்தகத்தின் மீது இருக்கிற பாசம் அவர்களுக்கும் வர வேண்டும் என்றுதான் தொடங்கினேன். துய்ஷேன் நம்பிய அந்த ஆட்சியே எழுத்தறிவித்தவர்களைச் சுட்டது என்று சொன்னால் கதை உடைந்துவிடுமோ என்று பயம். மகனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு வேண்டியது இரவில் துய்ஷேனை ஓநாய்கள் துரத்துகிற இடம் மட்டும்தான், அதை மூன்று தரம் வாசிக்க வைத்தான். மகளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப துய்ஷேன் சேருக்கு அது தெரியாதுதானே வாப்பா” என்றாள். தெரியாது மகள். அவருக்குத் தெரிந்தது அந்த ஆறும், அந்தப் பிள்ளைகளும்தான்.

இன்னொரு இடத்திலும் நான் தடுமாறினேன். அல்தினாயைத் தூக்கிக்கொண்டு போகிற பக்கம். 12 வயது மகளுக்கு முன்னால் அதை எப்படி வாசிப்பது? பக்கத்தைத் தாண்டிவிடலாம் என்று விரலை வைத்தேன். மனைவி பார்த்துவிட்டார். “வாசிங்க. உங்கட உம்மும்மா கலியாணம் முடிக்கக்க எத்தன வயசு?” என்றார்.

பதினாலு.

திருமண வயதைப் பற்றிய சட்டப் பேச்சுக்கு நான் இங்கே வரவில்லை. அதை இன்னொரு நாளைக்குப் பேசுவோம். அன்றிரவு அந்தப் பக்கத்தை வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உம்மும்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

என் உம்மும்மா பாடசாலைக்குப் போகவில்லை. அவர் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவது குறைவு. அவருக்கு ரயிலேற்றிவிட துய்ஷேனும் வரவில்லை. நான் சின்னவனாக இருந்தபோது ஒரு அலுவலகத்துக்கு அவரோடு போனேன். அங்கே இருந்தவர் படிவத்தை நிரப்பும்போது, நிமிர்ந்தும் பார்க்காமல், “எழுத வாசிக்கத் தெரியாது என்ன?” என்று கேட்டு, மைப்பெட்டியைத் தள்ளிவிட்டார். உம்மும்மா ஒன்றும் பேசாமல் பெருவிரலை வைத்தார். நானும் பேசவில்லை. அவருக்குத் தெரியாதுதான் என்று நானும் நம்பினேன்.

ஆனால் அதே உம்மும்மா மாலை நேரத்தில் திண்ணையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தை விரித்து வாசிப்பார். சுற்றிவர நாலைந்து பெண்கள் இருந்து கேட்பார்கள். எழுத்து அரபு. காதில் விழுவது தமிழ்! அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ஞ, ள போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற அரபு எழுத்தில் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துச் செய்து, தமிழை எழுதிய முறை. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று இந்தக் கடலைச் சுற்றியிருந்த நமது ஆட்கள் சில நூற்றாண்டுகளாகப் பாவித்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ இலங்கையில் எத்தனை வீடுகளில் இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நமது மலே சகோதரர்களும் இதே மாதிரித்தான். 1869 இல் கொழும்பில் வெளிவந்த அவர்களுடைய ‘ஆலாமத் லங்காபுரி’ பத்திரிகை அரபு எழுத்தில் அச்சான மலாய்.

உம்மும்மாவுக்கு ஓதிக் கொடுத்த பெண்தான் அரபுத்தமிழும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர்கூட எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகமில்லை. உம்மும்மாவின் முதல் ஆசிரியர் அவர்.

கிர்கிஸ்காரர்களிடமிருந்து எழுத்தைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள். நமக்கு யாரும் தடை போடவில்லை. பாடசாலை வந்தது, சோதனை வந்தது, தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகம் மலிவாகக் கிடைத்தது, பிள்ளைகள் அந்தப் பக்கம் போனார்கள். நான் தமிழ் படிப்பிக்கிறவன், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போகிற போக்கில், உம்மும்மா மாதிரியான ஒரு தலைமுறைப் பெண்களை எழுத்தறியாதவர்கள் என்று நாமே எழுதிவிட்டோம். அந்தப் பெருவிரல் மை என் கண்ணுக்குள் இன்னும் நிற்கிறது.

உம்மும்மா 1997 இல் மௌத்தானார். அவருடைய புத்தகங்கள் பழுதாகி, ஏடு ஏடாகக் கழன்று கிடந்தன. அரபு எழுத்து, காலில் மிதிபடக் கூடாது என்று பெரியவர்கள் மரியாதையாக எடுத்துக்கொண்டுபோய் மையவாடி ஓரத்தில் புதைத்துவிட்டார்கள். தவறென்று சொல்ல முடியாது, நல்ல எண்ணத்தில் செய்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. நடுவில் கொஞ்சப் பக்கம் மட்டும் கட்டாக இருந்த ஒன்றை என் ராத்தா எடுத்து வைத்திருந்தார். அவர் வீடு கடலிலிருந்து தள்ளி, வயல் பக்கம் இருப்பதால் அது தப்பியது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராத்தா வீட்டுக்குப் போனேன். (இடையில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி நெறியில், தெற்கிலிருந்து வந்த சிங்கள ஆசிரியை ஒருவரிடம் தட்டுத்தடுமாறி இந்தக் கதையைச் சொன்னபோது, பாதியிலேயே “குரு கீதய!” என்றார். தெதிகம வீ. ரொட்ரிகோவின் சிங்கள மொழிபெயர்ப்பின் பெயர் அது. அவருக்கும் அல்தினாய்க்காக அழுத சின்ன வயது ஒன்று இருந்திருக்கிறது. அன்று பகல் சாப்பாடு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் துய்ஷேனைப் பற்றித்தான் பேசினோம்.)

ராத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கட்டை எடுத்துத் தந்தார். பூச்சி அரித்திருந்தது. மகளிடம் கொடுத்தேன். அவளுக்கு அரபு எழுத்து தெரியும், தமிழ் தெரியும். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். முதலில் ஓதுகிற ராகத்தில் வாசித்தாள், ஒன்றும் விளங்கவில்லை. புள்ளி கூடின எழுத்துகளில் தட்டுப்பட்டாள். ராத்தாவுக்கு ஞாபகமிருந்த இரண்டு மூன்று எழுத்தைச் சொல்லிக் கொடுத்தார். கால் மணித்தியாலம் போயிருக்கும், ஒரு வரியின் நடுவில் சட்டென்று நின்று, “வாப்பா, இது தமிழ்!” என்று கத்தினாள்.

அச்சு வரிகளை விட்டு, ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்ததைப் பிறகுதான் கண்டாள். கோணல் எழுத்து, பாதி அழிந்துபோயிருந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டினாள். அரிசி. இரண்டு. மரைக்கால். தேங்காய். பதினாறு. கடைசியில் ஒரு பெண்ணின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ‘தர வேணும்’.

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். “இது உம்மும்மாட கைதான்டா. கடன் குடுத்தா எழுதி வெப்பா எண்டு உம்மா சொல்லுவா. நான் நம்பல்ல” என்றார்.

எழுத வாசிக்கத் தெரியாது என்று மைப்பெட்டி தள்ளப்பட்ட உம்மும்மா.

உங்களிடம் ஒரு உதவி. உங்கள் வீட்டில், பரணில், பழைய பெட்டியில், பள்ளிவாசல் அலுமாரியில் இப்படிப்பட்ட அரபுத்தமிழ் ஏடுகள் இருந்தால், எவ்வளவு கிழிந்திருந்தாலும், புதைப்பதற்கோ கடலில் விடுவதற்கோ முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே வந்து, உங்கள் வீட்டிலேயே வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறேன். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எனக்கு வகுப்பு இல்லை. ஓரத்தில் பென்சில் எழுத்து இருந்தால் அதை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

வீட்டுக்கு வந்து ‘முதல் ஆசிரியர்’ கடைசிப் பகுதியை அன்றிரவே முடித்தோம். ரயிலுக்குப் பின்னால் துய்ஷேன் ஓடிவருகிற இடத்தில் என் குரல் வழக்கம்போல அடைத்துக்கொண்டது, மிச்சத்தை மகள் வாங்கி வாசித்தாள். இப்போது அவளுக்கு ஒரே கவலைதான். அந்தப் பதினாறு தேங்காயும் திரும்பி வந்ததா இல்லையா என்று ராத்தாவுக்குப் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.